எந்த வீடு பழைய வீடு?
குயிலாப்பாளையத்திலிருந்து புதுச்சேரியின் வீடு காக்கும் முயற்சிகளைப் பார்த்தல்

கேள்வி

புதுச்சேரியின் வைசியாள் தெருவுக்கும் குயிலாப்பாளையத்துக்கும் இடையே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவு. முதலாவதில் பழைய வீடுகளைக் காக்கும் முயற்சி நடந்து, யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் 2008இல் கிடைத்தது. இன்றும் ஆர்வலர்கள் பார்வையாளர்களை அத்தெருவுக்கு அழைத்துவந்து தாழ்வாரத்தையும் தேக்குத் தூணையும் காட்டுகிறார்கள். இரண்டாவது ஊர் மரக்காணத்து உப்பளங்களை நோக்கி வடக்கே நீளும் கடற்கரைக்குச் சற்று உள்ளே, வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் இருக்கிறது. அங்கே மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக நின்ற வீடுகள் ஓரிரு தலைமுறைக்குள் பெரும்பாலும் மாறிவிட்டன. அந்த மாற்றத்தை வளர்ச்சி என்று கணக்கில் எழுதியவர்கள் உண்டு; இழப்பு என்று எழுதியவர்கள் குறைவு.

இந்த வேறுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. செங்கல்லும் சுண்ணாம்பும் நிற்கும். மண்ணும் ஓலையும் நிற்கா. நிற்காததை எப்படிக் காப்பது? இக்கட்டுரை அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. பொருளின் ஆயுளைவிட, தெருவை நோக்கிய முகப்பும் சொத்துப் பத்திரமும் உரிமையாளரின் சமூக நிலையுமே எந்த வீடு மதிக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்திருக்கின்றன என்பது என் வாதம். புதுச்சேரியில் நடந்ததைச் சிறுமைப்படுத்துவது இதன் நோக்கமன்று. அது நடக்காதிருந்தால் இன்று விவாதிக்கக்கூட ஒன்றும் மிஞ்சியிராது.

வைசியாள் தெரு: முகப்பின் மீட்பு

பிரெஞ்சுத் தளபதி லாலி 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தபின் புதுச்சேரி திட்டமிட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகைபோல் அதற்கு முந்திய வீடுகள் எஞ்சியிருப்பது அரிது. இன்று நாம் பழைய புதுச்சேரி என்று பார்ப்பதில் பெரும்பகுதி, நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தபின் எழுந்தது. கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில், தரைத்தளம் தமிழ் வழக்கிலும் மேல்தளம் பிரெஞ்சு வழக்கிலும் அமைந்த கலப்பு வீடுகள் உருவாயின. கீழே தெருவோடு ஒட்டிய தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம்; மேலே வளைவுச் சன்னல்கள், சுவரோடு பதிந்த அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர். தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கி, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை.

கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்ற பெயரும் கொண்ட வைசியாள் தெரு இத்தகைய வணிகர் வீடுகளின் தெரு. 1984இல் நிறுவப்பட்ட இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1990களில் நகரின் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது பட்டியல் ஏறத்தாழ 1,800ஐத் தொட்டது. பிந்தைய ஆண்டுகளில் அந்த எண் வேகமாகச் சரிந்தது. பாகப்பிரிவினை, மனை விலை, பராமரிப்புச் செலவு ஆகியவை சேர்ந்து ஒவ்வொரு வீடாக இடிக்கச் செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னேவ் சுர் லோ ஆகிய நகரங்களின் கூட்டோடு, 2002 முதல் 2004 வரை வைசியாள் தெருவை முன்மாதிரித் தெருவாக்கும் வேலை நடந்தது. முகப்பைச் சீரமைக்கும் செலவில் ஒரு பங்கை அமைப்பு தர, மறுபங்கை வீட்டுக்காரர் ஏற்றார்.

இந்தப் பங்கீட்டு முறை கூர்ந்து பார்க்கத் தக்கது. வீட்டுக்காரரை இடிக்காமல் தடுக்கும் சட்டம் வலுவாக இல்லாத இடத்தில் அவருடைய விருப்பத்தையே கருவியாக்கியது அது. தெருவின் தாழ்வார வரிசை பிழைத்ததற்கு அதுவே காரணம். ஆனால் மறுபங்கைக் கட்டக்கூடியவர், தன் பெயரில் பத்திரம் வைத்திருப்பவர், தெருப்பக்கம் காட்டத்தக்க முகப்பு உள்ளவர் ஆகியோரிடம் மட்டுமே அது செல்லும். முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் சமையற்கட்டும் கிணற்றடியும் முகப்பில் சேரமாட்டா. ஒரு வீட்டில் பெண்கள் அதிக நேரம் கழித்த பகுதி அதுதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மீட்கப்பட்ட வீடுகளின் அடுத்த கட்டமும் தெரிந்ததே. வெள்ளையர் பகுதியிலும் தமிழர் பகுதியிலும் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாயின. ரொமேன் ரோலன் வீதியில் 2000 வாக்கில் திறக்கப்பட்ட ஓட்டல் தெ லோரியான் அதற்கு முன்னோடி. விடுதியாவதைக் குறையாகச் சொல்லும் விமர்சனத்தோடு எனக்கு அரைகுறையாகவே உடன்பாடு. கூரையொழுகும் வீட்டில் முதியவர் ஒருவர் தனியே இருப்பதைவிட விடுதி மேல். இருந்தாலும் திண்ணையில் யாரும் உட்கார முடியாத திண்ணை வீடு, வீடு என்ற நிலையிலிருந்து விலகிவிடுகிறது.

மேரி கட்டடம் கற்பித்தது

1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மன்றம், 2014 நவம்பர் இறுதி மழையில் சரிந்து விழுந்தது. பழுது பார்க்க வேண்டும் என்று ஆர்வலர்கள் பல ஆண்டுகள் கேட்டுவந்த கட்டடம் அது. சரிவுக்குப்பின் நகரத்தில் ஒரு விழிப்பு வந்தது. இன்டாக், பாண்டிகேன் ஆகிய அமைப்புகளோடு குடிமக்கள் குழுக்களும் சேர்ந்து 2015 முதல் பாரம்பரிய விழா நடத்தத் தொடங்கின. தெரு நடைகள், பள்ளி மாணவர்க்கான போட்டிகள், வீட்டுக்காரர்களோடு உரையாடல்கள் என்று தன்னார்வம் அமைப்பு வடிவம் பெற்றது அந்தக் காலத்தில்தான்.

மேரி கட்டடம் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதில் உள்ள பொருள் புதியது, வடிவம் பழையது. நகரம் அதைத் தன் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதில் தவறும் இல்லை. ஆனால் அப்படி ஏற்ற பிறகு பொருளின் ஆயுளை அளவுகோலாக வைக்க முடியாது. சுவரும் கூரையும் முழுக்கப் புதிதாக இருந்தும் ஒரு கட்டடம் பழையதாகலாம் என்றால், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கீற்று மாற்றி அதே அளவில், அதே இடத்தில், அதே கைத்திறனோடு நின்ற வீடு ஏன் ஆகக்கூடாது?

சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் தொல்சின்னத்துக்கு நூறு ஆண்டு என்ற வரம்பை வைக்கின்றன. கீற்று வீடு தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதால் எப்போதும் இளையது. நூறு வயதை எட்டவே முடியாது. இன்டாக் 2004இல் ஏற்ற சாசனம் இதைவிட நெகிழ்வானது. பட்டியலில் வராத மரபுக் கட்டடங்களையும், அவற்றைக் கட்டிய கைவினைஞரின் அறிவையும் அது காக்க வேண்டியவையாகக் கருதுகிறது. ஏட்டில் இருக்கும் அந்த நெகிழ்வு களத்தில் செங்கல் வீட்டைத் தாண்டிச் சென்றது அரிது.

செம்மண் மேட்டு வீடு எப்படி நின்றது

குயிலாப்பாளையம் போன்ற ஊர்களின் பழைய வீட்டைப் பேசும்போது, ஏழையின் குடிசை என்று ஒரு சொல்லில் முடிப்பது வழக்கம். கட்டுமானமாகப் பார்த்தால் அது ஒன்றையொன்று தாங்கும் உறுப்புகளின் தொகுதி.

செம்மண்ணை வைக்கோலோடு குழைத்து, ஒரு படை வைத்து, அது இறுகியபின் அடுத்த படை வைத்துச் சுவர் எழுப்பப்படும். அவசரப்பட்டால் கீழ்ப்படை பிதுங்கும். சுவரின் வெளிப்புற அடியில் ஓடும் ஒட்டுத்திண்ணை உட்காருவதற்கு மட்டுமன்று, கூரைநீர் தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் காலை அரிக்காமல் தடுப்பதும் அதுவே. கூரைக்கு மூங்கில் அல்லது சவுக்குக் கழி, வசதியுள்ளவர் வீட்டில் பனஞ்சட்டம், குறுக்கே வரிச்சு. இந்தக் கரையோரத்து மணலில் சவுக்குத் தோப்புகள் நிறைந்திருந்ததால் கழிக்குப் பஞ்சமில்லை. தென்னை மட்டையை நடுவே பிளந்து, நீரில் ஊறவைத்து, முடைந்தால் கீற்று. முடைவது பெரும்பாலும் பெண்களின் வேலை. இறவாரத்திலிருந்து முகடு நோக்கி அடுக்கடுக்காக வேய்வார்கள். ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் கூரை தாழ்ந்து வருவதற்குக் காரணம் உண்டு: மண்சுவரின்மேல் வடகிழக்குப் பருவமழை நேரே அடிக்கக் கூடாது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் மற்றவை கெடும். கீற்றை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஓடு அல்லது தகரம் போட்டால் இறவாரத்தின் நீட்டம் குறையும், சுவர் நனையும், நனைந்த சுவரைக் காக்க சிமென்ட் பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பெயரும். பல ஊர்களில் மண்வீடு பயனற்றது என்ற தீர்ப்பு இந்த அரைகுறை மாற்றத்துக்குப் பிறகே வந்தது. மண்வீட்டைக் குற்றம் சொன்னவர்கள் பார்த்தது பெரும்பாலும் ஏற்கனவே பாதி குலைந்த மண்வீட்டை.

அந்த வீட்டுக்கு ஒரு நாட்காட்டியும் இருந்தது. நாள்தோறும் சாணம் தெளித்தல், அவ்வப்போது தரை மெழுகுதல், போகிக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்தல், மழைக்கு முன் கூரை பார்த்தல். குயிலாப்பாளையத்தின் மாட்டுப் பொங்கலும் மஞ்சுவிரட்டும் சுற்று வட்டாரத்தில் பெயர்பெற்றவை. அருகிலுள்ள ஆரோவில் என்ற பன்னாட்டுக் குடியிருப்பின் வாசிகளும் திரண்டு வருவார்கள். அந்தத் திருவிழாவுக்கு முந்திய வாரம் என்பது ஊர் முழுக்க வீடு பழுதுபார்க்கும் வாரமாகவும் இருந்தது. கூரை வேய உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கைகொடுப்பதும், மறுமுறை அவர்கள் வீட்டுக்கு இவர்கள் போவதும் கிராமங்களில் வழக்கம். வீடு காக்கும் தன்னார்வம் என்று நாம் இன்று பெயரிட்டு அழைப்பது, பெயரில்லாமல் அங்கே நடந்துகொண்டிருந்தது.

இதைப் பொற்காலமாக எழுதும் ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். கைகொடுப்பதற்குச் சாதி எல்லை இருந்தது. ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்த தமிழகக் கிராமத்தில், யார் வீட்டுக்கு யார் கூலியின்றி வேலை செய்தார் என்ற கணக்கு சமமானதன்று. கட்டாயத்தை ஒத்துழைப்பு என்று பெயர் மாற்றிவிடக் கூடாது. வணிகர் பெயரைத் தாங்கிய தெரு நூறு ஆண்டு நிற்கும் வீடுகளைப் பெற்றதும், தீப்பிடிக்கும் ஓலை வரிசை காலனிக்கு வாய்த்ததும் ஒரே சமூக ஏற்பாட்டின் இரு முனைகள். பழைய வீட்டைப் போற்றும் எழுத்து இந்த இரண்டாவது முனையைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

வீட்டுக்காரர் ஏன் மாற்றினார்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, ஒரே நாளில் அங்கு 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கீற்றுக் கூரை பறந்த இரவைக் கண்டவரிடம் மரபு பற்றிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். தீ இன்னொரு காரணம். வேலை மூன்றாவது காரணம்: ஆரோவில்லிலும் புதுச்சேரியிலும் நாட்கூலி கிடைக்கத் தொடங்கியபின், கூரைக்குச் செலவழிக்கும் நாள் ஒவ்வொன்றும் இழந்த சம்பளமாகிறது. முன்பு கைவேலையாக இருந்த பராமரிப்பு காசுச் செலவாக மாறியபோது, கான்கிரீட் மலிவாகத் தெரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அரசும் அதே திசையில் தள்ளியது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க இலக்கு வைத்தது. ஆட்சி மாறியபின் 2011இல் 300 சதுர அடியில் சூரிய ஒளி வசதியுடன் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகளைக் குறிவைத்து, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. எதிரெதிர்க் கட்சிகள் ஒத்துப்போகும் அரிய புள்ளிகளில் குடிசை ஒழிப்பும் ஒன்று. அதன் நியாயத்தை மறுக்க முடியாது. குடிசை என்ற ஒரே பட்டியலில், நெருக்கடியில் ஒண்டிய ஓலைக் கொட்டகையும் தலைமுறையாகப் பேணிய மண்வீடும் வேறுபாடின்றிச் சேர்ந்துவிட்டன என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. புதுச்சேரியில் ஒவ்வொரு முகப்பையும் தனித்தனியே வரைந்து, தரம் பிரித்துப் பட்டியலிட்டார்கள். இங்கே பட்டியல் வந்தது இடிப்பதற்காக.

உப்புக்காற்றடிக்கும் இக்கரையில் கான்கிரீட்டும் நிரந்தரமன்று. உப்பு உட்புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். மேற்பூச்சு சில்லுசில்லாக விழும். கீற்றுக்கு மூன்று ஆண்டில் தேவைப்படும் கவனிப்பைக் கான்கிரீட் இருபது முப்பது ஆண்டு கழித்து ஒரே தொகையாகக் கேட்கிறது. அப்போது அதைப் பழுதுபார்க்கும் திறன் ஊரில் யாரிடமும் இருப்பதில்லை.

ஆரோவில்லின் மண், ஊரின் மண்

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது குயிலாப்பாளையம் ஏற்கனவே இருந்த ஊர். மரமற்ற மேட்டில் வந்திறங்கிய முதல் குடியேறிகள் கீற்றும் சவுக்குக் கழியும் கயிறும் கொண்ட குடில்களிலேயே வாழ்ந்தார்கள். அந்த அறிவும் கைகளும் சுற்றியிருந்த ஊர்களுடையவை. பின்னர் ஆரோவில் மண்ணை வேறு வழியில் எடுத்துக்கொண்டது. 1989இல் தொடங்கிய மண் கட்டுமான மையம், சிறிதளவு சிமென்ட் கலந்து எந்திரத்தில் அழுத்திய சுடாத கற்களைச் செம்மைப்படுத்தியது. அப்படிக் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992இல் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கு வழங்கும் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. மண்கட்டட வகுப்புக்கு இன்று பல நாட்டவர் வருகிறார்கள்.

விருதின் பெயரில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. எகிப்தியக் கட்டடக்கலைஞரான ஃபாத்தி 1940களில் லக்சருக்கு அருகே புதிய குர்னா என்ற மண் கிராமத்தை அழகாகக் கட்டினார். யாருக்காகக் கட்டினாரோ அந்தக் குர்னா மக்கள் பெரும்பாலோர் குடியேற மறுத்தார்கள். மாலியில் 1988இல் உலகப் பாரம்பரியமான ஜென்னே நகரில் நிலைமை வேறு. அங்கே ஊர் கூடி ஆண்டுதோறும் மசூதிக்கு மண் பூசுவது இன்னும் விழா. ஆனால் தங்கள் வீட்டின் மண்சுவரையும் மண்தரையையும் மாற்ற முடியாமல் சலித்துக்கொள்ளும் குடிமக்களும் அங்கே உண்டு. வெளியார் மதிப்பு, உள்ளே வாழ்பவருக்குத் தளையாகலாம்.

குயிலாப்பாளையத்தின் கதை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊருக்குள் கான்கிரீட் மாடிகளும் வாடகை அறைகளும் எழ, அதே கடைத்தெருவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உணவகங்களின் மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் ஏறியது. வீட்டுக்கு வறுமை, உணவகத்துக்கு அழகு. இதை யாருடைய பாசாங்கு என்றும் நான் கருதவில்லை. பந்தல் போடுபவர் கூலி வாங்குகிறார். கீற்று முடையும் கை கொஞ்சமாவது வேலையில் இருக்கிறது. சொல்லப்போனால் இன்று அந்தக் கைத்திறனை உயிரோடு வைத்திருப்பது பாதுகாப்பு அமைப்புகளைவிட இந்தப் பந்தல்கள்தாம்.

பெயர்த்து நடுதல்

இதே கடற்கரைச் சாலையின் வடகோடியில், முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996இல் அதைத் திறந்தது. கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்புச் சிந்தனை அதில் உண்டு. இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, எண்ணிட்டுக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். செட்டிநாட்டு மாளிகையோடு குயவர், நெசவாளர், உழவர் வீடுகளும் அங்கே நிற்கின்றன. எளியோர் வீட்டுக்கும் இடம் தந்தது அதன் தனிச்சிறப்பு. வீடு பிழைத்தது, தெரு பிழைக்கவில்லை என்பது அதன் எல்லை.

தன்னார்வலருக்கு இங்கே என்ன வேலை

முகப்பு மீட்பையோ பெயர்த்து நடுதலையோ குயிலாப்பாளையத்துக்கு அப்படியே கொண்டுவந்து பயனில்லை. எஞ்சிய ஒன்றிரண்டு மண்வீடுகளை வேலி போட்டு நிறுத்தினால், வீட்டுக்காரர் ஜென்னேக்காரரைப் போலச் சலிப்பார், அது நியாயமும்கூட. செய்யத்தக்க முதல் வேலை ஆவணப்படுத்தல். வைசியாள் தெருவுக்குக் கிடைத்த அதே கவனத்தோடு ஒட்டுத்திண்ணையின் உயரம், இறவாரத்தின் நீட்டம், படையின் கனம், மாட்டுக்கொட்டிலின் இடம் ஆகியவற்றை அளந்து வரைய வேண்டும். ஊர்த்தெருவை மட்டும் அளந்துவிட்டுக் காலனியை விட்டுவிட்டால் பழைய பிழை திரும்பும். முடைதல், வேய்தல், படை வைத்தல் தெரிந்த முதியோரை ஆசிரியர்களாக அமர்த்தி, ஊதியம் தந்து, கற்பிக்கச் சொல்வது அடுத்தது. ஊதியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நகரத்துப் படித்தவரின் தன்னார்வமும் கிராமத்துக் கூலித் தொழிலாளியின் இலவச உழைப்பும் ஒன்றல்ல.

மூன்றாவதாக, ஏற்கனவே கட்டப்படும் வீட்டுக்குள் ஓர் இடைவெளி இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300க்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி தேர்ந்துகொள்ளலாம். ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. நாட்டு ஓடு வேய்ந்த ஒரு தாழ்வாரமும் அதனடியில் ஒரு திண்ணையும் அந்த 60 சதுர அடிக்குள் அடங்கும். அதற்கான வரைபடத்தை வானூர் ஒன்றியத்துப் பொறியாளரிடமும் பயனாளிகளிடமும் கொண்டுசென்று, செலவுக் கணக்கோடு உட்கார்ந்து பேச எவரும் முன்வரலாம். விருதுக்கு விண்ணப்பிக்கும் வேலையைவிட இது சலிப்பூட்டுவது, ஒன்றிய அலுவலகத்துக்குப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும்.